பூனை ஒளித்துவைத்த ஊசிகள்

அந்தக் காலத்தில், மேகங்கள் மலைச்சரிவில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்த காலத்தில், மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்தது. ஆனால் பூனைக்கு நகம் இல்லை. அதன் பாதங்கள் பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும். செம்மறிக் குட்டிகளின் உடம்பிலோ ஒற்றை முடிகூட இருக்காது. வேகவைத்து உரித்த பனங்கிழங்கு மாதிரி வழவழவென்று பிறக்கும். வளர்ந்து ஆளான பிறகுதான் கம்பளி முளைக்கும். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது அப்படித்தான்.

அந்த மலையில் மிளகி என்று ஒரு பூனை இருந்தது. வெள்ளை உடம்பில் மிளகைத் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒரு நாள் அது முள்செடியில் சிக்கிக் கிடந்த கம்பளியை விளையாட்டாக முறுக்கிப் பார்த்தது. நூல் வந்தது! முள்ளம்பன்றியிடம் இரண்டு முள் இரவல் வாங்கியது. ஒரு முள்ளில் நூலை வளைத்துக் கண்ணி போட்டு, மற்ற முள்ளை அதற்குள் நுழைத்து நூலை இழுத்தால், அடேயப்பா, இன்னொரு கண்ணி! அதற்குள் நுழைத்தால் இன்னொன்று! வெறும் நூல் கண்ணெதிரே துணியாகிக்கொண்டே வந்தது. மிளகிக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு மிளகிக்குப் பசி தெரியவில்லை. எலிகள் அதன் மீசையை உரசிக்கொண்டு போயின. "இரு, இந்த வரிசையை முடிச்சிட்டு வந்து உன்னைப் பிடிக்கிறேன்" என்று சொல்லும். அந்த வரிசை முடிந்ததும் "இன்னும் ஒரே ஒரு வரிசை" என்று அடுத்ததைத் தொடங்கிவிடும். எலிகளுக்கு அதைவிட நல்ல காலம் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஒரு முறை கவனக்குறைவில் தன் வாலையும் சேர்த்துப் பின்னிவிட்டு, அவிழ்க்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் திண்டாடியது. அதற்கும் மிளகிக்குச் சிரிப்புத்தான்.

எல்லாம் சரி, ஒரு குணம் மட்டும் அதைப் பாடாய்ப் படுத்தியது. பின்னியதில் எங்கேயாவது ஒரு கண்ணி நழுவியிருந்தால் போதும், மிளகியால் பொறுக்க முடியாது. நூலைப் பிடித்துச் சர்ரென்று உருவிவிடும். முயலுக்குத் தொடங்கிய குல்லாயும் அணிலுக்குத் தொடங்கிய கழுத்துப் பட்டையும் இப்படித்தான் திரும்பத் திரும்ப நூலுருண்டை ஆயின.

"யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது மிளகி? அப்படியே விட்டுட்டுப் போயேன்" என்று முள்ளம்பன்றி கேட்டது. அது தினமும் தன் முட்களைத் திருப்பிக் கேட்க வரும். முதுகில் இரண்டு முள் இல்லாத இடத்தில் காற்று நுழைகிறதாம்.

"எனக்குத் தெரியுமே அண்ணே!" என்றது மிளகி. "ராத்திரி கண்ணை மூடினா அந்த ஓட்டைதான் முன்னால வந்து நிக்குது."

மார்கழி பிறந்தது. சரிவில் பூத்தாயி என்ற செம்மறி நிறைசூலியாக இருந்தது. போன வருஷம் அதற்குப் பிறந்த குட்டி குளிரில் விறைத்துச் செத்துப்போயிருந்தது. பூத்தாயி அதை இன்னும் மறக்கவில்லை. தன் உடம்பில் இருந்த கம்பளியை எல்லாம் முள்வேலியில் உரசி உரசி உதிர்த்து, குவியலாகக் கொண்டுவந்து மிளகியின் முன்னால் போட்டது. வெற்று உடம்போடு நின்ற பூத்தாயியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தங்கச்சி, எம்புள்ளைக்கு ஒரு சட்டை பின்னிக் குடு. இதையும் குளிருக்குக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

"குடு மதினி, குடு!" மிளகி குவியலுக்குள்ளேயே குதித்துவிட்டது. இவ்வளவு கம்பளியை அது கனவில்கூடக் கண்டதில்லை. "கழுத்து, கை, கால், வால் வரைக்கும் முழுச் சட்டை! இந்த மலையே வந்து பார்க்கும் பாரு!"

"மலை பார்க்க வேணாம். புள்ள பொறக்கையில சட்டை இருந்தாப் போதும்."

மிளகி சத்தியம் செய்து கொடுத்தது.

அடடா, அந்த நாட்களைக் கேட்க வேண்டுமே! நூல் முறுக்க முறுக்க மழைமேகம்போல் உருண்டை பெருத்தது. கழுத்தில் தொடங்கி முதுகுக்கு வந்து, முன்னங்கால்களுக்குக் கைபிரித்து, சட்டை மளமளவென்று வளர்ந்தது. மிளகி அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும், முகத்தில் வைத்துத் தேய்க்கும், தானே தன்னைப் பாராட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு முறை தப்பு வந்து பாதியை உருவிவிட்டது. முள்ளம்பன்றி பேச்சுக் கொடுத்ததில் எண்ணிக்கை தவறி மறுபடியும் உருவியது. கோபத்தில் முள்ளம்பன்றியைப் பள்ளம் வரைக்கும் துரத்திவிட்டு வந்து உட்கார்ந்தது. ஆனாலும் சட்டை வளர்ந்தது.

கடைசியில் வால் மட்டும்தான் பாக்கி. பனி கொட்டிய ஒரு காலையில் சரிவிலிருந்து பூத்தாயியின் குரல் கேட்டது.

"மிளகீ! புள்ள பொறந்துட்டான்! சட்டையக் கொண்டா!"

மிளகிக்கு ஒரே குதூகலம். "வந்துட்டேன் மதினி!" வாலை முடித்துவிட்டு, கொண்டுபோகும் முன் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று ஓடையோரப் புல்லில் சட்டையை விரித்தது. என்ன அழகு! முதுகு அழகு, வயிறு அழகு, கழுத்து...

கழுத்தில், தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு கண்ணி நழுவியிருந்தது. கடுகு நுழையும் ஓட்டை.

விட்டிருக்கலாம். ஓட்டையோடு கொண்டுபோய்ப் போட்டிருந்தால் குட்டி கதகதப்பாகத் தூங்கியிருக்கும். பின்னல் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்த நேரத்தில் குட்டியும் தெரியாது, பனியும் தெரியாது, ஓட்டை மட்டும்தான் தெரியும். மிளகி நூலின் நுனியைப் பல்லில் கடித்துச் சர்ரென்று இழுத்தது. வால் போனது, வயிறு போனது, முதுகு போனது. கழுத்து வந்த பிறகுதான் மிளகிக்குப் புத்தி வந்தது. முன்னால் நூல் மலையாகக் குவிந்து கிடந்தது. சட்டை இல்லை. அதற்குள் குவியலின் ஒரு பக்கம் ஓடையில் சரிந்து, தண்ணீர் ஒரு பங்கு நூலை அறுத்து இழுத்துக்கொண்டு போயேவிட்டது.

மிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு மிளகி ஓடியது. பூத்தாயி தன் வெற்று உடம்பால் குட்டியை அணைத்துக்கொண்டு கிடந்தது. இரண்டும் நடுங்கின. பூத்தாயி நூலைப் பார்த்தது, மிளகியைப் பார்த்தது.

"சட்டை எங்கடி?"

"கழுத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு மதினி. அதான்..."

"ஓட்டையா?" பூத்தாயி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மிளகி தாங்கியிருக்கும். "என் ஒடம்புல இருந்ததையெல்லாம் உன்கிட்டதானே குடுத்தேன். இப்ப நான் எதை வச்சு இவனை மூடுறது? நீயே சொல்லு."

குட்டியின் நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. குளிர் போய்விட்டதாலல்ல, நடுங்கத் தெம்பு இல்லாததால். போன வருஷமும் அப்படித்தான் ஆகியிருந்தது. பூத்தாயிக்கு அது தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சட்டெனக் குட்டியைச் சுற்றி வளையமாகப் படுத்தது மிளகி. தன் வயிற்றுச் சூட்டில் அதை அணைத்துக்கொண்டு, முட்களை எடுத்து, குட்டியின் உடம்பின் மேலேயே பின்னத் தொடங்கியது! அளவு பார்க்கவில்லை, தூக்கிப் பார்க்கவில்லை. முன்னங்கால்கள் மாறி மாறிப் பறந்தன. குளிரில் வாய் குழறியதால் கண்ணிகளை நெஞ்சுக்குள்ளேயே எண்ணியது. குர்ர்... குர்ர்... குர்ர்... என்று அந்த எண்ணிக்கை குட்டியின் விலா எலும்புகளில் அதிர்ந்தது. அந்த அதிர்வில் குட்டி மெல்ல அசைந்தது!

"மதினி! அசையிறான் பாரு!"

"பேசாத, பின்னு! பின்னுடி!" என்றது பூத்தாயி.

அவசரத்தில் கண்ணிகள் நழுவின. ஒன்றா இரண்டா! வரிசைக்கு வரிசை நழுவிச் சுருண்டு சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பழக்கதோஷத்தில் ஒரு முறை மிளகியின் கால் நூலை உருவப் போனது. நூலுக்குக் கீழே குட்டியின் மூச்சு ஏறி இறங்கியது. மிளகி காலை இழுத்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனது.

ஓடை கொண்டுபோன பங்கு இல்லாததால் முகத்துக்கும் முழங்காலுக்குக் கீழேயும் நூல் போதவில்லை. போதாவிட்டால் என்ன! குட்டி தும்மியது. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. உடம்பெல்லாம் நழுவின கண்ணிகள் சுருள் சுருளாக ஆட, வாயைத் திறந்து "மே!" என்றது. பூத்தாயி அழுதுகொண்டே சிரித்தது. மிளகி சிரித்துக்கொண்டே அழுதது. அந்தச் சட்டை கழற்ற வரவே இல்லை, உடம்போடு ஒட்டிப்போனது. அந்தக் குட்டியின் வம்சத்தில் வந்தவை எல்லாம் அந்தச் சுருள் சட்டையோடேயே பிறந்தன. முகத்திலும் காலிலும் மட்டும் இன்றைக்கும் அது கிடையாது.

அப்போது முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது. "வேலை முடிஞ்சுதுல்ல? என் முள்ளைக் குடு."

"தர மாட்டேன் அண்ணே. யாருக்கும் தர மாட்டேன். இது கையில இருந்ததாலதானே ஒரு உசுரு போகப் பாத்துச்சு!" மிளகி முட்களைப் படபடவென்று சிறுதுண்டுகளாக ஒடித்துப்போட்டது. துண்டுகளை ஓடையில் எறிய மிளகி காலை ஓங்கியது. ஓங்கிய கால் இறங்கவில்லை. முதல் கண்ணி விழுந்த அன்றைக்கு வந்த சந்தோஷம் நினைவுக்கு வந்துவிட்டது.

"எறியத்தான் போறியா?" என்று கேட்டது பூத்தாயி.

"மனசு வரல மதினி."

"அப்ப வச்சுக்க. ஆனா நூல் உள்ள இடத்துல வெளிய எடுக்காத."

மிளகி துண்டுகளைத் தன் பஞ்சுப் பாதங்களுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, தோலை மூடி ஒளித்துக்கொண்டது. பூத்தாயி சொன்னதை மட்டும் அதனால் கடைப்பிடிக்க முடியவில்லை.

அன்று முதல்தான் பூனை, கம்பளிப் போர்வையோ நம் மடியோ மெத்தென்று அகப்பட்டுவிட்டால், ஒளித்துவைத்த முள் ஊசிகளை வெளியே நீட்டி, முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, இல்லாத நூலில் சட்டை பின்னுகிறது. நெஞ்சுக்குள் குர்ர்ரென்று கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நாம் எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.