மடுவை வென்ற நீர்நாய்

ஆற்றின் வளைவில், நாணல் அடர்ந்த ஆழமான மடு ஒன்று இருந்தது. அதில் துடுப்பன் என்ற நீர்நாயும் அவன் மனைவி அல்லியும் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டு குட்டிகள். மூத்தது பெண், இளையது ஆண்.

துடுப்பனும் அல்லியும் பிரிவது என்று முடிவு செய்திருந்தார்கள். அடிதடி எதுவும் இல்லை. பேச்சு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே மடுவில் மீன் பிடித்தார்கள். ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்து தின்றார்கள். இனிச் சேர்ந்திருப்பதில் பயனில்லை என்று அல்லி சொன்னபோது துடுப்பன் மறுக்கவில்லை.

ஆனால் மடுவில் யார் இருப்பது? குட்டிகள் யாரிடம் வளர்வது? அங்கேதான் சிக்கல் வந்தது.

அந்த நாணலோரம் ஒரு மடையான் பறவை இருந்தாள். யார் என்ன சொன்னாலும் அசையாமல் நின்று கடைசிவரை கேட்பாள். தீர்ப்பு மட்டும் சொல்லமாட்டாள். பிரிந்துபோன கொக்குகளும் முயல்களும் அவளை நடுவில் வைத்துப் பேசி முடித்துக்கொண்டதுண்டு. அவளிடம் போகலாம் என்றாள் அல்லி. துடுப்பன் அரைமனதாக வந்தான்.

"மடு யாருக்குங்கறதை அப்புறம் பார்ப்போம்," என்றாள் மடையான். "பிரிஞ்ச பிறகு உங்க வாழ்க்கையில எது இருக்கணும்? முதல்ல அதைச் சொல்லுங்க."

அல்லி முதலில் பேசினாள். குட்டிகள் அம்மாவையும் பார்க்க வேண்டும், அப்பாவையும் பார்க்க வேண்டும் என்றாள். மேலே உள்ள சின்ன மடுவுக்குத் தானே போய்விடுவதாகவும், நடுவில் இருக்கும் மணல்திட்டு குட்டிகள் விளையாட இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

துடுப்பனின் முறை வந்தது. வாயைத் திறந்தான். அவர்கள் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்து, கோபம் வந்தவனைப்போல எழுந்து போய்விட்டான்.

வழியில் நரி அவனைப் பார்த்தது. வழக்காடுவதுதான் அதன் தொழில்.

"அவ விட்டுக்கொடுத்து நீ வாங்கினா அது பிச்சை. வழக்குப் போட்டு வாங்கினா உரிமை," என்றது நரி. "தப்பு யார் பேர்லன்னு இந்தக் காடே தெரிஞ்சுக்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தை துடுப்பனுக்குப் பிடித்துப்போயிற்று.

வழக்கு கடமானின் மன்றத்துக்குப் போனது. கடமான் நேர்மையானது, ஆனால் மாதம் ஒருமுறைதான் மன்றம் கூடும். வேறு வழியில்லாமல் அல்லி ஒரு கீரியைத் தனக்காகப் பேச வைத்தாள். தீர்ப்பு வரும்வரை இருவருமே மடுவில் இறங்கக் கூடாது, குட்டிகள் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் அத்தை வளையில் இருக்கட்டும் என்று கடமான் உத்தரவிட்டது.

துடுப்பன் ஒரு பாறை இடுக்கில் குடியேறினான். நல்ல மீன் கிடைத்தால், பழக்கத்தில் குட்டிகளைக் கூப்பிடத் திரும்புவான். பாறைதான் இருக்கும். அந்த மீனை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவான்.

ஒரு மாதம் நரிக்குக் காய்ச்சல் என்று வாய்தா. இன்னொரு மாதம் கீரி வரவில்லை. வேறொரு மாதம் வழியெல்லாம் யானைக்கூட்டம். கோடை போய் மழை வந்தது.

குட்டிகள் யாரோடு இருக்க விரும்புகின்றன என்று கேட்பதற்காக ஒருநாள் அவற்றையும் மன்றத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் நரி பழைய விஷயம் ஒன்றை எடுத்தது.

"இவர்களின் தலைச்சன் குட்டியை வெள்ளம் அடித்துப் போனபோது, இவள் தூங்கிக்கொண்டிருந்தாள்!" என்றது.

கீரி விடவில்லை. "அப்போது இவன் எங்கே இருந்தான்? வெள்ளம் வருவது தெரிந்தும் அடுத்த மடுவுக்குக் கெண்டை பிடிக்கப் போயிருந்தான்."

அந்த நாளைப் பற்றித் துடுப்பனும் அல்லியும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. நரியிடமும் கீரியிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். தங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே குட்டிகளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

யாரோடு இருக்கிறீர்கள் என்று கடமான் மெல்லக் கேட்டது.

"ரெண்டு பேர்கூடவும் இல்லை," என்றது பெண்குட்டி. தம்பியை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனது.

தீர்ப்பு வர மேலும் ஒரு வருடம் ஆனது. அதற்குள் குட்டிகள் பெரிதாகி, வேறொரு கூட்டத்தோடு சேர்ந்து ஆற்றோடு கீழே போய்விட்டன. மடு துடுப்பனுக்கே என்றது கடமான்.

"தப்பு யார் பேர்லன்னு சொல்லலையே," என்றான் துடுப்பன்.

"அது என் வேலை இல்லை," என்று கடமான் எழுந்துகொண்டது.

வெளியே அல்லி போய்க்கொண்டிருந்தாள். துடுப்பன் பின்னாலேயே ஓடி அவளை நிறுத்தினான்.

"அல்லி, வெள்ளம் வந்த அன்னைக்கு நான் அங்க இருந்திருக்கணும்."

அல்லி அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் அன்னைக்கு மடையான்கிட்ட வந்தேன்," என்றாள். "நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறி மறைந்தாள்.

துடுப்பன் மடுவுக்குத் திரும்பினான். யாரும் இறங்காத தண்ணீரில் மீன்கள் பெருகிக் கிடந்தன. தூரத்தில், ஆற்றின் கீழ்ப்பக்கம், நீர்நாய்கள் சீழ்க்கையடித்து விளையாடும் சத்தம் கேட்டது. அவனும் பதிலுக்குச் சீழ்க்கை அடித்தான். காத்திருந்தான். மறுபடி அடித்தான். அந்தச் சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போய் நின்றுவிட்டது.

பிரிந்தே தீர வேண்டும் என்றாலும், உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடியதை வழக்காக்கினால், வென்றவரும் தோற்றவராகவே வீடு திரும்ப நேரும்.