பதினெட்டு மூலிகை லேகியம்

மாறநேரி ராஜா உத்தமராயருக்கு வயிறு கட்டிக்கொண்டது. அவதி என்னவோ சபைக்குத்தான். வரி கட்ட வந்தவனையும் திட்டினார், வாழ்த்துப் பாட வந்தவனையும் திட்டினார்.

திரியம்பகப் பண்டிதர் என்ற வைத்தியர் வந்து ஒரு லேகியம் கொடுத்தார். விடிவதற்குள் ராஜா நாலு முறை ஓடினார். ஐந்தாவது முறை சிரித்துக்கொண்டே ஓடினார்.

"என்ன வேண்டும், கேளும்!"

"தேன்கரடு மலை வேண்டும், மகாராஜா. லேகியத்தில் பதினெட்டு மூலிகை. எல்லாம் அங்கேதான் முளைக்கிறது. வேறு எவரும் அங்கே இலை கிள்ளக் கூடாது."

"தந்தேன்!" என்றார் ராஜா.

விகடகவி கூத்தபிரானுக்குப் பகீரென்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மலைச்சனங்கள் அந்த இலையைத்தானே கிள்ளுவார்கள்! லேகியத்தை நக்கிப் பார்த்தான். தித்திப்பும் துவர்ப்பும்தான் தெரிந்தது.

"மகாராஜா, இதில் பதினெட்டு மூலிகை இல்லை."

"சபை கலைவதற்குள் நிரூபி. இல்லாவிட்டால் உன் மீசையை எடுத்துவிடுவேன்."

கூத்தபிரான் மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பண்டிதரிடம் வந்தான்.

"பண்டிதரே, லேகியத்தில் கருநெல்லி உண்டா?"

"முதல் சரக்கே அதுதான்!"

"அடடா! பக்கத்து நாட்டு ராஜா அதைத் தின்றாராம். காது கழுதைக்காது மாதிரி நீண்டுவிட்டதாம்."

ராஜாவின் ஒரு கை காதுக்குப் போனது. மறு கை வாளுக்குப் போனது.

"ஐயோ, வாய் தவறிச் சொன்னேன்! கருநெல்லி போடவே இல்லை!"

"வெள்ளெருக்கு? அந்தப்புரத்துப் பக்கமே போக முடியாமல் பண்ணிவிடுமாம்."

"சத்தியமாக இல்லை!"

"சிவனார்வேம்பு? வால் முளைக்குமாம்."

ராஜா ஆசனத்தில் நெளிந்து பின்பக்கம் தடவிப் பார்த்தார்.

"இல்லவே இல்லை, மகாராஜா!"

ஒவ்வொரு மூலிகைக்கும் கூத்தபிரான் ஒரு புது வியாதி கண்டுபிடித்தான். பண்டிதர் ஒவ்வொன்றாகக் கை கழுவினார். கடைசியில் சொல்லப் பேரே மிஞ்சவில்லை.

"அப்படியானால் அதில் என்னதான் ஐயா இருக்கிறது?" என்று ராஜா கர்ஜித்தார்.

"கடுக்காய்... கொஞ்சம் வெல்லம்..."

"எனக்குக் குணமானதே!"

"குணமாக்கியது கடுக்காயில் இருக்கும் சத்து, மகாராஜா" என்றான் கூத்தபிரான். "எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். பண்டிதர் சேர்த்ததெல்லாம் வெறும் பேர்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது.

"மலை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே, என்ன செய்ய?"

"தாராளமாகக் கொடுங்கள், மகாராஜா. அவர் மூலிகை கொடுத்த மாதிரியே கொடுங்கள். இன்றிலிருந்து இவர் 'தேன்கரடு மலைப் பண்டிதர்.' பேரை மட்டும் எடுத்துக்கொண்டு போகட்டும்!"