போகமாட்டேன் என்று சொன்ன மகள்

இந்தக் கதையின் முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே சற்று நிதானமாகக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் சண்முகவடிவு என்று ஒருத்தி இருந்தாள். கணவன் ஆவுடையப்பன் பொறியாளன். மகன் சிவசைலம், மகள் கோமதி. மகனுக்குப் பதினொரு வயதானபோது, ஒரு கார்த்திகை மாதக் காலையில் அவன் படுக்கையை விட்டு எழாமல், "இன்னைக்கு நான் போகமாட்டேம்மா, என்னமோ மாதிரி இருக்கு" என்றான். அன்று கணக்குப் பரீட்சை. வடிவு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. பயந்து சொல்கிறான் என்று நினைத்து, அவளே சீருடையை மாட்டிவிட்டுப் பள்ளி வேனில் ஏற்றினாள். மாலையில் அந்த வேன் மழையில் சறுக்கி வாய்க்காலில் கவிழ்ந்தது. மற்றப் பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். சிவசைலம் தப்பவில்லை.

மகனைக் கிடத்தியிருந்த இடத்தில், வடிவு அவன் காதருகே குனிந்து சொன்னதை ஆவுடையப்பனும் ஆறு வயதுக் கோமதியும் கேட்டார்கள்.

"உன் பேச்சைக் கேக்காம விட்டுட்டேன்யா. இனிமே உன் தங்கச்சி போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா, சத்தியமா அனுப்பமாட்டேன்."

மறுமாதம் கோமதி போகமாட்டேன் என்றாள். வடிவு அனுப்பவில்லை. தாவரவியல் படித்தவள் அவள். சாப்பாட்டு மேசையே வகுப்பாயிற்று. முருங்கைப்பூவைப் பிரித்து மகரந்தம் காட்டினாள்; பழைய உலகப்படத்தில் விரல் வைத்து நதிகளைத் தொடர்ந்தாள். நான்கு வருடம் இப்படிப் போனது. பாடம் சொல்லும் நேரத்தில் மட்டும் வடிவு அழுவதில்லை. அதைக் கோமதி கவனித்து வைத்திருந்தாள்.

அப்போது ஆவுடையப்பனுக்கு ஜெர்மனியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. அந்த நாட்டில் வீட்டுக் கல்விக்கு இடமில்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். மனைவியிடம் சொல்லவில்லை. புதுநாட்டில் ஒரு சிறு நகரத்தில் குடியேறினார்கள். அங்கும் வடிவு மேசையைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்கினாள். மூன்றாம் மாதம், மகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்கமாட்ட, வடிவு. காய்கறி வாங்கப் போனாக்கூட அந்த வாய்க்காலைத் தாண்டித்தானே போவ. உன்னையும் பறிகொடுத்துருவேனோன்னு பயந்துட்டேன்."

அவள் சண்டை போடவில்லை. கோமதியைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடம் போறியா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. "போகமாட்டேன்."

ஆவுடையப்பன் கடிதத்தை மடித்து வைத்தான். பிறகு, "நீ குடுத்த வாக்கு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க. நான் ஒப்பந்தத்தை முடிச்சுட்டு வாரேன்" என்று விமானச் சீட்டுகளைப் பதிவு செய்தான்.

பெட்டி கட்டும்போது கோமதியின் சட்டைகளுக்கு அடியில் ஒரு நோட்டு அகப்பட்டது. ஜெர்மன் சொற்கள் தமிழ் எழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. மாடிவீட்டுச் சிறுமி லேனாவிடம் கேட்டு எழுதியவை. கடைசிப் பக்கத்தில் லேனாவின் வகுப்பறையைக் கட்டம் கட்டமாக வரைந்து, யார் எங்கே உட்காருவார்கள் என்று பெயர் எழுதியிருந்தாள். லேனாவுக்கு அடுத்த கட்டத்தில் 'கோமதி' என்று எழுதி, அழித்திருந்தாள். வடிவு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மகளை எழுப்பி, "கிளம்பு. பள்ளிக்கூடத்துக்குப் போறோம்" என்றாள்.

"நான் போகமாட்டேம்மா."

"கிளம்பு."

"நான் போயிட்டா வீட்டுல தனியா என்னம்மா செய்வ?"

"அது என் பாடு."

கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வடிவு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, குளிர்ச்சட்டையை மாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆசிரியையிடம் ஒப்படைத்தாள். மகள் தேம்பிக்கொண்டே உள்ளே போனாள். பின்னால் வந்த ஆவுடையப்பன், "அன்னைக்கும் ஒரு பிள்ளை போகமாட்டேன்னுதான் சொன்னான். உன் சத்தியம் என்னாச்சு?" என்றான். வடிவு சாலையைக் கடந்து எதிர்நடைபாதைக்குப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். ஆவுடையப்பன் உண்மையை மறைத்தான். ஆனால் மனைவியின் வாக்குக்காகத் தனியே இருக்கத் துணிந்தான். கோமதி தாய்க்காகத் தன் ஆசையை மறைத்தாள். வடிவு, செத்துப்போன மகனிடம் செய்த சத்தியத்தை மீறி, அழுத மகளை அனுப்பினாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வடிவு செய்ததுதான் சரி. ஆவுடையப்பன் வாக்கின் சொல்லைக் காத்தான். 'போகமாட்டேன்' என்று சொன்ன மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கோமதி மேல் குற்றமில்லை. ஆனாலும் தாயின் துக்கத்துக்குக் காவல் இருப்பது பத்து வயதுப் பிள்ளையின் வேலையல்ல. பிள்ளை மனதில் இருப்பதைக் கேட்கத் தவறியதற்காகத்தான் வடிவு சத்தியம் செய்தாள். இம்முறை அந்த நோட்டின் வழியே அவள் அதைக் கேட்டாள். ஆகவே சத்தியம் நிலைத்தது என்று நீங்களும் நானும் சொல்லலாம். வடிவு அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளி விடும்வரை எதிர்நடைபாதையிலேயே தூறலில் நின்றாள். கோமதி லேனாவோடு ஏதோ பேசிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே நின்ற அம்மாவை அவள் கவனிக்கவில்லை. வடிவு கூப்பிடாமல், அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நடந்து வீட்டுக்கு வந்தாள்.