ராசா வீட்டு மாப்ளைக்குக் கால்ல புண்ணு

அந்தக் காலத்துல, ஆத்துக்கு அக்கரையில தும்பலப்பட்டின்னு ஒரு ஊரு இருந்துச்சு, அந்த ஊருல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல, புள்ள இல்ல, ஏழு கோழி இருந்துச்சு. அதுல ஒண்ணு பதினோரு முட்டை மேல அடை உக்காந்திருந்துச்சு.

அந்த ஊரு குப்பாண்டி ராசா ஒரு சேவல் வளத்தாரு. பொண்ணே பெறாத மனுசன், சேவலை "மாப்ள, மாப்ள"ன்னுதான் கூப்பிடுவாரு. மாப்ள கூவுனாத்தான் அங்க விடிஞ்சதா அர்த்தம், சட்டமே அப்படி. மாப்ளைக்கு மருவாதையா இருக்கட்டும்னு ரெண்டாளு உசரத்துல வெள்ளிக்கம்பு கட்டி, கீழ கருங்கல்லு பாவி வச்சிருந்தாரு. சேவலு மேல பறக்கும், தொப்புன்னு கல்லுல குதிக்கும். பறக்கும், தொப்புன்னு குதிக்கும். ஒரு நாளு காலு வீங்கிப் போச்சு. ஏறவும் இல்ல, கூவவும் இல்ல.

கூவலையா, அப்ப விடியல! ராசா தண்டோராப் போட்டுட்டாரு: "இன்னும் ராத்திரிதான், எல்லாரும் படுங்க!"

வெயிலு மண்டையப் பொளக்குது, சனம் பாயில கெடக்குது. கொல்லைக்குப் போறவன் கையில வெளக்கோட போறான். ராத்திரியில யாரு தண்ணி பாய்ச்சுவா? பயிரு காயுது. ராத்திரியில யாரு உலை வைப்பா? புள்ளைங்க பசிச்சு அழுவுது. என்னடா சிரிக்கிறே? நீ அங்க இருந்திருந்தா நீயும் குப்புறத்தான் கெடந்திருப்பே.

அப்புறம் அரமனை வைத்தியரு மருதப்பரு வந்தாரு. சேவலு கொண்டையில களிம்பு பூசுனாரு, சேவலு நொண்டுச்சு. வாலுக்குச் சாம்பிராணி போட்டாரு, சேவலு நொண்டுச்சு. ராசாவுக்குப் பேதி மருந்து குடுத்தாரு. சேவலு நொண்டுச்சு, ராசா ஓடுனாரு.

"இது ஊருக்கோழிங்க போட்ட கண்ணு ராசா. வீட்டுக்கு ஒரு கோழி குடுங்க, நான் சுத்திப் போட்டுடறேன்"ன்னாரு வைத்தியரு.

நாப்பது வீட்டுக் கோழி போச்சு. நாப்பத்தொண்ணாவது வீடு ஒச்சாயி வீடு. சேவகன் வெளக்கும் கையுமா வந்து அடைக்கோழியப் பாத்துக் கைய நீட்டுனான்.

"ஆத்தா, இது கொழுகொழுன்னு இருக்கு, இதையே குடு."

ஒச்சாயி அடைக்கூடைக்குக் குறுக்க வந்து நின்னா. கோழி போனா பதினோரு உசுருல்ல போவும்? "கோழி வராது. நான் வரேன், நட!"ன்னா.

அரமனைக்குப் போனா, சேவலு ஒத்தக் காலுல நிக்குது. பாத்ததும் தெரிஞ்சு போச்சு அவளுக்கு.

"வைத்தியரே, காலைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"கோழிக் காலை நான் தொடறதா? நாடி பாத்தேன்."

"கோழிக்கு நாடி எங்கய்யா இருக்கு?"

"கொண்டையில!"

"ராசா, மாப்ளையத் துண்டுல சுத்தி மடியில வையுங்க, கண்ணை மூடிவிடுங்க, பயப்படாது"ன்னா ஒச்சாயி. ராசா வச்சுக்கிட்டு, தன் கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டாரு. ஒச்சாயி சேவலு காலைத் தூக்கிப் பாத்தா, உள்ளங்காலுல கறுப்பா, ஆணி கணக்கா ஒரு பொருக்கு, சுத்தியும் செவசெவன்னு வீக்கம்.

"வெதுவெதுப்பா தண்ணி வேணும், உப்பு வேணும், மஞ்சப்பொடி வேணும்."

"வைத்தியரு பையில இல்லாததா?"ன்னு ராசா பையை வாங்கிக் கவுத்தாரு. மூலிகை ஒண்ணுகூட இல்ல! உப்பு விழுந்துச்சு, மஞ்சப்பொடி விழுந்துச்சு, மிளகு விழுந்துச்சு, மல்லி விழுந்துச்சு, உரிச்ச சின்ன வெங்காயம் விழுந்துச்சு, கடைசியா கடிச்சு மிச்சம் வச்ச கோழித்தொடை ஒண்ணு விழுந்துச்சு.

"சுத்திப் போட்டேன்னியேடா?"

"வாயிக்குள்ள போட்டுட்டேன் ராசா"ன்னு வைத்தியரு காலுல விழுந்தாரு.

ஒச்சாயி அதையெல்லாம் காதுலயே வாங்கல. உப்புத்தண்ணியில காலை ஊற வச்சா. பொருக்கு தானா நெகிழ்ற மட்டும் ஊற வச்சு, நோண்டாம, கீறாம, மெதுவா எடுத்தா. உள்ள கெட்டிச் சீழு, மஞ்சளா, பயறு மாதிரி வந்துச்சு. கழுவித் தொடைச்சு, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு அப்பி, சுத்தமான துணியச் சுத்திக் கட்டுனா. சேவலு ராசா மூக்கைக் கொத்துச்சு. ராசா அழுதாரு, வலியில இல்ல, மாப்ளைக்குக் கொத்தத் தெம்பு வந்துருச்சேன்னு.

"தெனமும் கட்டு மாத்தணும். கம்பை முழங்கால் உசரத்துக்கு இறக்குங்க. கல்லு மேல வைக்கோலைப் பரப்புங்க. அது நனைஞ்சா மாத்துங்க. தொட்ட கையை நல்லாக் கழுவுங்க"ன்னா.

"செய்யிறேன் தாயி. இந்தத் திருடனை என்ன செய்ய?"

ஒச்சாயி யோசிச்சா. "நாப்பது வீட்டுல அடை வைக்கக் கோழி இல்ல ராசா. முட்டை இருக்கு. யாரு கோழியத் தின்னாரோ அவரே உக்காரட்டும்."

பதினஞ்சாம் நாளு, நல்ல மத்தியானம், மாப்ள கம்பு மேல ஏறி "கொக்கரக்கோ"ன்னுச்சு. சனமெல்லாம் வெளக்கை ஊதி அணைச்சுட்டு, "அப்பாடி, விடிஞ்சுருச்சு"ன்னு பல்லு வெளக்கப் போச்சு.

வைத்தியரு? வீட்டுக்கு இருபத்தோரு நாளு கூடைக்குள்ள உக்காந்தாரு. எந்திரிக்கப் போனா அந்த வீட்டுக்காரி தொடப்பத்தோட நிப்பா. நாப்பது வீடும் முடிச்சு வெளிய வந்தா, வளந்த கோழியும் நேத்துப் பொரிச்ச குஞ்சும் அவரைத்தான் ஆத்தான்னு நெனைச்சு, கொக்கு கொக்குன்னும் கீச்சு கீச்சுன்னும் பின்னாலயே ஓடுதுங்க. கறிச்சோறுன்னு எங்க உக்காந்தாலும் எண்ணூறு கண்ணு அண்ணாந்து பாக்குமாம். மனுசனுக்கு எப்படி எறங்கும்? சாவுற மட்டும் கீரைக்கொழம்புதான்.

காலுல புண்ணுன்னா காலைப் பாக்கணும், கண்ணா. சரி, கோழியும் அடைஞ்சாச்சு, கூடையும் மூடியாச்சு, கதைக்கும் கண்ணு சொருவுது, படுங்க.