கோளாறு இல்லாத குக்கர்

நாச்சிமுத்து அட்டைப்பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்குவதைக் கண்டாலே பாத்திரக்கடைக்காரர் பழைய பில்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். வாங்கிப் போன பொருள் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

குக்கர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று எது அவர் வீட்டுக்குப் போனாலும் ஒரு வாரம் தங்காது. குறை கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்த கை அது. மிக்ஸி ஜாரில் பிளேடு ஒரு மயிரிழை ஆடினால் போதும், பிடித்துவிடுவார். குக்கரைக் கவிழ்த்து அடியில் ஸ்கேலை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். அவர் சொன்ன குறைகள் எல்லாமே உண்மையாக இருந்ததுதான் கடைக்காரரின் பெரிய துக்கம். பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் நாச்சிமுத்து வம்புக்காரர் இல்லை. பாவம், மனைவியைப் பறிகொடுத்தவர்.

ருக்குமணி ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த கையோடு, சமையலறையில் இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி மச்சினி வீட்டுக்கு அனுப்பிவிட்டார் நாச்சிமுத்து. கேஸ் அடுப்பு ஒன்றுதான் மிச்சம். அவள் புழங்கிய பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வான்மதி தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டாள். அவருக்கோ வீட்டை விட்டுப் போக மனம் இல்லை. நல்லதாக நாலு சாமான் வாங்கி நானே ஆக்கிச் சாப்பிட்டுக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்று அவளை அனுப்பிவைத்தார்.

கார்த்திகை வந்துவிட்டது. சாமான் வந்தபாடில்லை. அதாவது வந்தது, போனது. பொழுதுக்கும் டீயும் பன்னும்தான் சாப்பாடு. சில நாள் அதுவும் மறந்துபோகும். மகள் போன் செய்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால், குக்கர் மூடியில் என்ன கோளாறு என்று விளக்கமாகச் சொல்வார். ஒருநாள் அவள் அழுதுவிட்டாள். தை பிறந்ததும் வந்து வீட்டைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவர் கடைக்குப் போவது இன்னும் அதிகமாயிற்று.

வெள்ளிக்கிழமை தோறும் அவர் தவமணி அம்மாவைப் பார்க்கப் போவார். அம்மா என்று கூப்பிடுவது மரியாதைக்குத்தான். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் ஊரான கோபிக்குப் பக்கத்திலேயே, பவானி ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீடு, முன்னால் ஒரு புங்கமரம். அதைத்தான் எல்லாரும் ஆசிரமம் என்றார்கள். அம்மா உபதேசம் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். பல நேரம் அதுவும் கிடையாது. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, மறுவாரமே திரும்பி வந்தவர்களும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை, ஆசிரமத்துக்காக ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு படியேறிய நாச்சிமுத்து தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். குடம் உருண்டு ஆற்றோடு போனது. கூட இருந்தவர்கள் அவரைத் தூக்கிவந்து மரத்தடியில் கிடத்தினார்கள். அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். எல்லாரும் போன பிறகும் பக்கத்திலேயே இருந்தார்.

நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் பிறவியைப் பற்றியும் முக்தியைப் பற்றியும் கேட்கும் இடத்தில் இதைக் கேட்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

"அம்மா, கோளாறு இல்லாத குக்கரை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

அம்மா சிரிக்கவில்லை.

"நீங்க எப்படிங்க பாக்கறீங்க?"

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேஸ்கட்டை விரலால் அழுத்தினால் எப்படித் திரும்ப எழ வேண்டும், சேஃப்டி வால்வு எங்கே இருக்க வேண்டும், வெயிட்டைக் கையில் எடுத்தால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் தண்ணீர் ஊற்றி விசில் விட்டுப் பார்ப்பதையும் சொன்னார். அம்மா பாதியில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அரிசி போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. தண்ணி மட்டுந்தாங்க."

"ஒருதடவைகூடப் போடலீங்களா?"

நாச்சிமுத்து ஆற்றைப் பார்த்தார்.

"ஒருக்காப் போட்டேனுங்க. ஒரு ஆளுக்கு எத்தனை அரிசி போடோணும்னு தெரியலீங்க. ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அடிகூட மறையலீங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னேன். அப்பறம் அரிசியைத் திருப்பி டப்பாவுலயே கொட்டிட்டேனுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்பத்தாங்க கவனிச்சேன், கைப்பிடித் திருகு லூசா இருந்துச்சு" என்றார்.

அம்மா எழுந்து போய், அவர் குடித்து வைத்த தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். கோபித்துக்கொண்டு போகும் ஆளாக இருந்தால் இந்நேரம் நாச்சிமுத்து கிளம்பியிருப்பார். கிளம்பவும் அவருக்குத் தெம்பில்லை.

"நாளைக்கு மத்தியானம் உங்க ஊட்டுக்கு வர்றேனுங்க" என்றார் அம்மா. "அரிசியும் பருப்புச் சோறு ஆக்கி வைங்க."

அம்மா யார் வீட்டுக்கும் போனதில்லை. பெரிய பெரிய ஆட்கள் கார் அனுப்பியும் போகாதவர். நாச்சிமுத்துவுக்குத் தலைசுற்றல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் பாத்திரக்கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். முன்வரிசையில் இருந்த குக்கர் ஒன்றைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்றார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் பெட்டியைப் பிரித்து, குக்கரைக் கவிழ்த்து, ஸ்கேலையும் எடுத்து வைத்தார். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை, வீட்டுக்கு ஆள் வருகிறது என்று சொல்லி நாச்சிமுத்து அதை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார். உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று கடைக்காரர் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து போனில் மகளைப் பிடித்தார். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு ஆக்கும் அந்தச் சோற்றுக்குப் பக்குவம் கேட்டதும், அவள் திரும்ப ஒருதடவை சொல்லச் சொன்னாள். பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, போனை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு இவர் செய்தார். சின்ன வெங்காயம் உரிப்பதற்குள் பொழுது நன்றாக ஏறிவிட்டது. சீரகம் கொஞ்சம் கருகியது. அரிசியை அவள் சொன்ன அளவுக்குப் போட்டுவிட்டு, அம்மாவுக்குப் பற்றாமல் போய்விடக் கூடாதே என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். பூண்டை மகள் சொன்னதற்கு மேலேயே போட்டார்.

முதல் விசிலுக்கே மூடியின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சிச் சுவரில் தெறித்தது. மற்ற நாளாக இருந்தால் குக்கர் சாயங்காலமே கடைக்குத் திரும்பியிருக்கும். இன்றைக்கு அவர் துணியால் சுவரைத் துடைத்துவிட்டு அடுப்பைத் தணித்து வைத்தார். மூடியைத் திறந்ததும் பருப்பும் பூண்டுமாக வாசனை கூடம் வரைக்கும் போனது. ஆடிக்குப் பிறகு அந்த வீட்டில் சோற்று வாசம் வந்தது அன்றைக்குத்தான். கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

சொன்னபடி அம்மா வந்தார், வெயிலில் நடந்தே வந்தார். சமையலறையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். நாச்சிமுத்து தலைவாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்து, நடுவில் குழி செய்து நெய் ஊற்றினார். சோற்றில் ஆவி பறந்தது. அம்மா இலையைப் பார்த்தார். மேடைமேல் இருந்த குக்கரையும் சுவரில் மிச்சமிருந்த ஈரத்தையும் பார்த்தார்.

"மூடியில தண்ணி வருதுங்களா?"

"வருதுங்க. வந்துட்டுப் போகுது. சோறு நல்லா வெந்துருச்சுங்க." அம்மா கை வைக்காமல் இருப்பதைப் பார்த்துப் பதறி, "சாப்பிடுங்கம்மா" என்றார்.

அம்மா இலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நான் சாப்பிட்டுட்டுத்தானுங்க வந்தேன்."

நாச்சிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. இத்தனை வருசத்தில் அம்மாமேல் அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. காலையிலிருந்து நின்ற கால், வெங்காயம் உரித்து எரியும் விரல், சுட்டுக்கொண்ட மணிக்கட்டு எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன.

"முன்னமே சொல்லியிருந்தா நான் ஆக்கியே இருக்க மாட்டனுங்களேம்மா."

"தெரியுமுங்க" என்றார் அம்மா. "உக்காருங்க, சோறு ஆறுது."