தரையில் கிடந்தது

ஆவுடையப்பனின் காம்பவுண்டில் கடைசி அறை செண்பகவல்லிக்கு. கால் நீட்டிப் படுத்தால் எதிர்ச்சுவர் இடிக்கும். அதையும் பிடுங்கி மச்சினனுக்குக் கொடுக்க ஆவுடையப்பனுக்கு ஆசை. நேராகக் கேட்க வாய் வரவில்லை. ஒரு நாள் காலையில், எல்லாக் குடித்தனக்காரர்களும் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"வீடா இது, குப்பைமேடா? சாயங்காலம் வந்து பார்ப்பேன். சுவர்ல ஒரு ஆணி இருக்கக் கூடாது. தரையில எது கிடந்தாலும் தூக்கி வெளிய போட்டுருவேன்!"

"நீங்கதான் போடணுமா அண்ணாச்சி, யாரு பாத்தாலும் போடலாமா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"யாரு வேணா போடலாம்!"

செண்பகவல்லி அறையை விடுவதாக இல்லை. கடைக்குப் போய்க் கயிறு வாங்கி வந்தாள். ஓட்டுக்குக் கீழே இருந்த உத்திரத்தில் வரிசையாக உறி கட்டினாள். அரிசியும் பருப்பும் பானைகளும் உறி ஏறின. துணிப்பெட்டிகூடக் கயிற்றில் தொங்கியது. அடுப்பு ஜன்னல் மேடைக்குப் போனது. பாயைச் சுருட்டி ஓட்டுச் சட்டத்தில் செருகினாள். பிள்ளை தூளியில் தூங்கியது.

சாயங்காலம் ஆவுடையப்பன் வந்தார். வேடிக்கை பார்க்கக் காம்பவுண்டே பின்னால் வந்தது. தரை கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. நம்ப முடியாமல் உள்ளே நுழைந்து மூலை மூலையாகக் குனிந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடுப்பில் விருட்டென்று நிமிர்ந்தார். புளிப்பானை மண்டையில் இடித்தது. தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசற்படியில் நின்ற செண்பகவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"தரையில ஒண்ணு கிடக்கு. ஆளுக்கொரு பக்கம் பிடிங்க, தூக்கி வெளிய போட்டுருவோம்."