சாமியிடம் பூக் கேட்ட ராஜா

எப்போதோ ஒரு காலத்தில், வெள்ளாற்றுக்குத் தெற்கே விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிற ஆள். கெட்ட பெயர் வருமே என்று பயந்து, எல்லாவற்றையும் சாமியிடமே கேட்க ஆரம்பித்தான்.

கேட்பது பூக்கட்டிப் பார்த்து. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ராஜா கண்ணை மூடி ஒன்றை எடுப்பான். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுகிறவர் கோயில் அதிகாரி திருமலைக்கொழுந்து. ராஜா ஆசைப்பட்டதற்கோ அவர் ஆசைப்பட்டதற்கோ சிவப்பு வந்ததாக யாருக்கும் நினைவில்லை. நானாயிருந்தால் இரண்டாம் நாளே முகர்ந்து பார்த்திருப்பேன்.

அமைச்சர் செங்கோடரைக் கண்டால் திருமலைக்கொழுந்துக்கு ஆகாது. ஒருநாள் சபையில், "மகாராஜா, சமணர் தெருவார் நம் சாமியைக் கும்பிடுவதில்லை. நாட்டை விட்டு அனுப்பிவிடலாம். பரிந்து பேசுகிறவர்களும் கூடவே போகட்டும்" என்று அமைச்சரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அந்தத் தெருவின் தலைவர் அப்பாண்டை முன்னால் வந்தார். "விதைத்துவிட்டு நிற்கிறோம், அரசே. எங்கே போவோம்?"

"நான் என்ன செய்ய? சாமி சொல்லட்டும்" என்றான் ராஜா.

தட்டில் இரண்டு பொட்டலங்கள் வந்தன. எது வருமோ என்ற பதைப்பு திருமலைக்கொழுந்தின் முகத்தில் துளியும் இல்லை. செங்கோடர் அதைக் கவனித்தார்.

"சற்றுப் பொறுங்கள், மகாராஜா. இதே பொட்டலங்களை வைத்து முதலில் வேறொன்று கேட்போம்."

"கேளும்."

"தாங்கள் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, திருமலைக்கொழுந்தை அதில் உட்கார வைக்கலாமா? சாமி உத்தரவு கொடுக்கட்டும்."

நாட்டைத் தூக்கிக் கொடுத்தும் திருமலைக்கொழுந்துக்குச் சந்தோஷமில்லை. கழுத்து போய்விடுமே என்ற ஞாபகம் வந்துவிட்டது.

"வேண்டாம், மகாராஜா. சாமி குற்றமாகிவிடும்."

"ஏன் ஓய்? கூடாதென்றால் சாமி சிவப்பைக் கொடுக்கப் போகிறது. உமக்கென்ன பயம்?" என்றார் செங்கோடர்.

"வந்து... இது அந்தக் கேள்விக்குக் கட்டிய பொட்டலம்."

"உள்ளே இருப்பது பூவா, பதிலா?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. இரண்டையும் பிரித்தான். இரண்டும் வெள்ளை.

அன்று முதல் திருமலைக்கொழுந்துக்கு நந்தவனத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை. பூவைத் தொடக் கூடாது. அப்பாண்டையின் தெருவார் அவரவர் வயலுக்குத் திரும்பினார்கள்.

"என்ன வேண்டும், கேளும்" என்று அமைச்சரிடம் சொன்னான் ராஜா.

"கோயிலுக்குக் கும்பிட மட்டும் போங்கள், மகாராஜா. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சபையில் குடிமக்கள்தான். இனிக் கட்டளை தங்கள் பெயரில் மட்டும் வரட்டும். தப்பானால் தங்களைக் கேட்கலாம். சாமியை யார் போய்க் கேட்பது?"

அதுவே சட்டமானது. ஆனாலும் ராஜாவுக்கு மனம் ஆறவில்லை.

"இதை முன்பே சொல்லியிருக்கலாமே, அமைச்சரே?"

"ஒருமுறை சொன்னேன். சாமியையா சந்தேகப்படுகிறீர் என்றீர்கள்."

ராஜா மெதுவாகச் சொன்னான்: "எனக்குப் பிடித்ததையே சாமி சொல்லிக்கொண்டிருந்ததய்யா. சந்தேகம் எங்கிருந்து வரும்?"